27 திருத்தங்கள்தான் என்பது பெருமையா? அமெரிக்க அரசியலமைப்பு எப்படி மாறுகிறது

"அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் 230 வருடங்களுக்கு மேலாக இருக்கிறது, 27 முறைதான் திருத்தியிருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. அவர்கள் அவ்வளவு கச்சிதமாக எழுதிவிட்டார்களா? அதிபர் நினைத்தால் ஓர் உத்தரவு போட்டு அதை மாற்ற முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: முடியாது. சாதாரண மசோதா அதிபரின் கையெழுத்துக்குப் போகும். திருத்தத் தீர்மானம் அவரிடம் போகவே வேண்டியதில்லை. அவர் கையெழுத்துப் போட்டால் அலங்காரம், வீட்டோ செய்தால், அதாவது ஏற்க மறுத்தால், அது செல்லாது. 1798-லேயே ஹாலிங்ஸ்வொர்த் எதிர் வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது.

முதல் கேள்விக்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். 27 என்பதைக் கச்சிதத்துக்குக் கிடைத்த சான்றிதழாக நான் பார்க்கவில்லை. மாற்றுவதை அவ்வளவு கடினமாக்கி வைத்ததால் வந்த எண்ணிக்கை அது. எழுத்து மாறவில்லையே தவிர, அதன் பொருள் பலமுறை தலைகீழாகப் புரண்டிருக்கிறது.

இந்தச் சட்டம் எழுதப்பட்ட 1787-க்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால் இது விளங்கும். சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த 1781-இல், 13 மாகாணங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு உடன்படிக்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதன்படி மைய அரசுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. பணம் வேண்டுமென்றால் மாகாணங்களிடம் கேட்க வேண்டும், கொடுத்தால் உண்டு. உடன்படிக்கையைத் திருத்த 13 மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். போர்க் கடனை அடைக்க இறக்குமதிக்கு 5 சதவீத வரி போடலாம் என்று ஒரு திருத்தம் வந்தபோது, எல்லோரையும்விடச் சின்ன மாகாணமான ரோட் ஐலண்ட் மாட்டேன் என்றது. அத்தோடு அந்தத் திருத்தம் படுத்துவிட்டது. 1786-87-இல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் டேனியல் ஷேஸ் தலைமையில் கிளர்ந்தபோது, அதை அடக்க மைய அரசிடம் படையும் இல்லை, பணமும் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் மாகாணங்களின் பிரதிநிதிகள் 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடினார்கள். தலைமை ஜார்ஜ் வாஷிங்டன். 55 பேர் கலந்துகொண்டார்கள்; செப்டம்பர் 17 அன்று 39 பேர் கையெழுத்திட்டார்கள். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. கூட்டத்தின் நோக்கம் பழைய உடன்படிக்கையைத் திருத்துவது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதினார்கள். அதுமட்டுமல்ல, பழைய விதிப்படி 13 பேரின் சம்மதமும் வேண்டியிருக்க, 9 மாகாணங்கள் ஏற்றாலே போதும் என்று அந்தப் புது ஆவணத்திலேயே எழுதிக்கொண்டார்கள். சட்டப்படி பார்த்தால் துணிச்சலான வேலைதான். ரோட் ஐலண்ட் கடைசியாக 1790 மே மாதத்தில், 34-க்கு 32 என்ற வாக்கில், வேண்டா வெறுப்பாக வந்து சேர்ந்தது.

ஆவணத்தில் மொத்தம் 7 பிரிவுகள். முதல் பிரிவு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), இரண்டாவது அதிபர், மூன்றாவது நீதிமன்றம், நான்காவது மாகாணங்களுக்கு இடையிலான உறவு, ஐந்தாவது திருத்தும் முறை, ஆறாவது இந்தச் சட்டமே நாட்டின் உச்ச சட்டம் என்ற அறிவிப்பு, ஏழாவது ஏற்புக்கான விதி. இவற்றில் காங்கிரஸைப் பற்றிய பிரிவுதான் மிக நீளம். ஆட்சியின் மையம் சட்டமன்றம்தான் என்பது அவர்கள் கணக்கு. இன்றைக்கு உலகமே அதிபரைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டால் அவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

காங்கிரஸுக்கு இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைக்கு ஏற்ப 435 பேர், இரண்டு வருடப் பதவி. செனட்டில் மாகாணத்துக்கு இருவர், மொத்தம் 100, ஆறு வருடப் பதவி. முதலில் செனட்டர்களை மாகாணச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. 1913-இல் 17-ஆவது திருத்தம் வந்த பிறகுதான் மக்களின் நேரடி ஓட்டு. 2020 கணக்கெடுப்பில் கலிபோர்னியாவில் 3.9 கோடிப் பேர், வயோமிங்கில் 6 லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் செனட்டில் இரண்டே இரண்டு இடங்கள்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காங்கிரஸ் என்னென்ன செய்யலாம் என்பது முதல் பிரிவின் எட்டாவது உட்பிரிவில் பட்டியலாக இருக்கிறது: வரி, கடன், நாணயம், தபால், காப்புரிமை, போர் அறிவிப்பு, மாகாணங்களுக்கு இடையிலான வணிகம். பட்டியலில் இல்லாதது மாகாணங்களுக்கு. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலின் கடைசியில், இந்த அதிகாரங்களைச் செயல்படுத்தத் தேவையான, பொருத்தமான சட்டங்களையெல்லாம் இயற்றலாம் என்று ஒரு வரி உண்டு. ஃபெடரல் அரசு, அதாவது மைய அரசு, வங்கி தொடங்கலாம் என்று பட்டியலில் எங்கும் இல்லை. ஆனாலும் இந்த வரியை வைத்து, தொடங்கலாம் என்று 1819-இல் மெக்கலக் எதிர் மேரிலாண்ட் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொன்னார்.

வணிகம் என்ற சொல் எவ்வளவு தூரம் இழுபட்டது என்பதற்கு ரோஸ்கோ ஃபில்பர்ன் என்ற ஒஹையோ விவசாயியின் வழக்கைப் பாருங்கள். கோதுமை விலை விழாமல் இருக்க ஒவ்வொரு விவசாயியும் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அரசு வரம்பு வைத்திருந்தது. அவருக்கு 11.1 ஏக்கர். அவர் விதைத்ததோ 23 ஏக்கர். கூடுதலாக விளைந்த 239 புஷல் (தானியத்தை அளக்கும் அமெரிக்க அளவு) கோதுமைக்கு 117 டாலர் 11 சென்ட் அபராதம். அவர் வாதம் சாதாரணமானது: இதில் பெரும்பகுதி என் மாட்டுக்கும் கோழிக்கும், என் வீட்டு மாவுக்கும், அடுத்த விதைப்புக்கும், இதில் மாகாணம் கடந்த வணிகம் எங்கே வந்தது? 1942-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அவர் வீட்டில் விளைந்ததால் சந்தையில் வாங்கவில்லை. இப்படி ஆயிரக்கணக்கானோர் செய்தால் நாடு முழுக்க விலை பாதிக்கும். ஆகவே அதுவும் காங்கிரஸின் வணிக அதிகாரத்துக்குள் வரும் என்றார்கள். எட்டாவது உட்பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஃபெடரல் அரசு நுழைய முடியாத இடம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 1995-இல் லோபஸ் வழக்கில்தான், பள்ளிக்கூடத்துக்கு அருகில் துப்பாக்கி வைத்திருப்பதை வணிகம் என்று சொல்ல முடியாது என்று நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது.

அதிபரைப் பற்றிய இரண்டாவது பிரிவு குட்டையானது. படைகளின் தலைமைத் தளபதி. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒப்பந்தங்கள். செனட்டின் ஒப்புதலோடு நீதிபதி, அமைச்சர் நியமனங்கள். மன்னிப்பு வழங்கும் அதிகாரம். மசோதாவை வீட்டோ செய்யலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அதை மீறலாம். அவரைப் பதவி நீக்க வேண்டுமென்றால் பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தண்டிக்க வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868-இல் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். கிளின்டன் ஒரு முறை, டிரம்ப் இரண்டு முறை குற்றம் சாட்டப்பட்டும் செனட்டில் தப்பினார்கள். இந்த வழியில் இதுவரை எந்த அதிபரும் பதவி இழந்ததில்லை. நிக்சன் 1974-இல் அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார்.

எழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையில் பெரிய ஓட்டை விழுந்த இடம் போர். போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு மட்டுமே. காங்கிரஸ் கடைசியாகப் போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியா, வியட்நாம், இராக் எதிலும் முறையான போர் அறிவிப்பு இல்லை. ஆனால் அதிபர் என்ன செய்தாலும் நீதிமன்றம் சும்மா இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கொரியப் போரின்போது எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானதும், ட்ரூமன் 1952 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டு ஆலைகளை அரசின் கட்டுப்பாட்டில் எடுத்தார். இரண்டு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற வாக்கில் அதை ரத்து செய்தது. அதிபர் உத்தரவு எதுவரை போகலாம் என்ற வாதம் எங்கே எழுந்தாலும் இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுப்பார்கள்.

நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? மூன்றாவது பிரிவைப் படித்தால், சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம் என ஒரு வரிகூடக் கிடையாது. எத்தனை நீதிபதிகள் என்றுகூட இல்லை. 1789-இல் சட்டம் போட்டு 6 பேர் என்றார்கள், 1869 முதல் 9. அந்த அதிகாரத்தை மார்ஷல் 1803-இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் எடுத்துக்கொண்டார். பதவி முடியும் கடைசி நாட்களில் அதிபர் ஜான் ஆடம்ஸ் தன் கட்சிக்காரர்களை அவசர அவசரமாக நீதிப் பதவிகளில் நியமித்தார். வில்லியம் மார்பரியின் நியமனப் பத்திரம் கையெழுத்தாகி, முத்திரையும் குத்தி, கொண்டுபோய்க் கொடுக்கப்படாமல் தங்கிவிட்டது. புதிதாக வந்த ஜெஃபர்சன் அரசு கொடுக்க மறுத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்திரத்தை அனுப்பாமல் விட்ட வெளியுறவுச் செயலர் வேறு யாருமில்லை, மார்ஷலேதான்! இன்றைய வழக்கப்படி அவர் அந்த வழக்கைத் தொட்டிருக்கவே கூடாது. அவரோ, மார்பரிக்கு உரிமை உண்டு, ஆனால் இங்கே நேரடியாக வழக்குப் போட அனுமதிக்கும் சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது, எனவே செல்லாது என்று எழுதினார். வழக்கில் ஜெஃபர்சன் அரசு ஜெயித்தது. ஆனால் சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரம் அன்றிலிருந்து நீதிமன்றத்திடம் வந்துவிட்டது.

இப்போது ஐந்தாவது பிரிவு, அதாவது திருத்தும் முறை. முதல் படி முன்மொழிவு: இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, அல்லது மூன்றில் இரண்டு பங்கு மாகாணச் சட்டமன்றங்கள், அதாவது 34, கேட்டுக்கொண்டால் ஒரு மாநாடு. இரண்டாவது படி ஏற்பு: நான்கில் மூன்று பங்கு மாகாணங்கள், அதாவது 38. சட்டமன்றங்கள் ஏற்கலாம், அல்லது அதற்கென்று கூட்டப்படும் மாகாண மாநாடுகள் ஏற்கலாம். எது என்பதைக் காங்கிரஸ் தீர்மானிக்கும். மாநாட்டு வழியில் ஏற்கப்பட்டது ஒன்றே ஒன்று, மதுவிலக்கை நீக்கிய 1933-ஆம் வருடத்து 21-ஆவது திருத்தம். மாகாணச் சட்டமன்றங்களில் மதுவிலக்கு ஆதரவாளர்களின் பிடி பலமாக இருந்ததால் அவர்களைத் தவிர்க்க அந்தப் பாதையில் போனார்கள்.

38 என்றால் தடுக்க 13 போதும். மக்கள்தொகையில் கடைசி 13 மாகாணங்களையும் கூட்டினால் நாட்டின் ஜனத்தொகையில் 5 சதவீதம்கூட வராது. அதிலும், ஒரு மாகாணத்தின் இரண்டு அவைகளில் ஒன்று மறுத்தாலே அந்த மாகாணம் மறுத்ததாகத்தான் அர்த்தம். இதுவரை காங்கிரஸில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட திருத்த யோசனைகள் வந்திருக்கின்றன. மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டவை 33. தேறியவை 27. அந்த 27-லும் முதல் 10, அதாவது உரிமைகள் சாசனம், 1791-இல் ஒரே மூச்சில் வந்தது. மதுவிலக்கைக் கொண்டுவந்த 18-ஐ 21 ரத்து செய்துவிட்டது.

ஒரு திருத்தம் எப்படி நூலிழையில் தொங்கும் என்பதற்கு டென்னசி மாகாணத்தைச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் 19-ஆவது திருத்தத்துக்கு அப்போதைய 48 மாகாணங்களில் 36 தேவை, 35 கிடைத்துவிட்டது. 1920 ஆகஸ்ட் 18, டென்னசியின் தலைநகரான நாஷ்வில்லில் சட்டமன்றம். ஆதரவாளர்கள் மஞ்சள் ரோஜாவும் எதிர்ப்பாளர்கள் சிவப்பு ரோஜாவும் சட்டையில் குத்தியிருந்தார்கள். ஒத்திவைக்கும் தீர்மானம் 48-க்கு 48 என்று சமனில் நின்றது. அடுத்தது நேரடி வாக்கெடுப்பு. ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர் அதுவரை எதிரணியோடு ஓட்டுப் போட்டவர், சட்டையில் சிவப்பு ரோஜா. ஆனால் பையில் அம்மாவின் கடிதம் இருந்தது. நல்ல பிள்ளையாக ஓட்டுரிமைக்கு ஆதரவு கொடு என்று எழுதியிருந்தார். பெயர் அழைக்கப்பட்டதும் பர்ன் "ஆம்" என்றார். திருத்தம் தேறிவிட்டது.

இதற்கு நேர் எதிர், அவசரமே இல்லாத 27-ஆவது. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அது அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அமலாக வேண்டும் என்று, அரசியலமைப்பை எழுதியவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசன் 1789-இல் முன்மொழிந்தது. போதிய மாகாணங்கள் ஏற்காமல் கிடப்பில் போனது. ஆனால் காலக்கெடு எதுவும் வைக்கவில்லை. 1982-இல் டெக்சாஸ் மாணவர் கிரெகரி வாட்சன் இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். கிடைத்தது சி கிரேடு. மனிதர் விடவில்லை, மாகாணம் மாகாணமாகக் கடிதம் போட்டார். 1992-இல் திருத்தம் நிறைவேறியது, முன்மொழிந்து 200 வருடங்களுக்கும் மேலாகி! 2017-இல் அவருடைய மதிப்பெண்ணையும் ஏ என்று திருத்திக் கொடுத்தார்கள்.

காலக்கெடு இருந்தால் கதை வேறு. ஆண் பெண் சம உரிமைத் திருத்தம் 1972-இல் காங்கிரஸைத் தாண்டியது. ஏழு வருடக் கெடு, பிறகு 1982 வரை நீட்டிப்பு. 35 மாகாணங்களோடு நின்றுபோனது. 2017-லிருந்து நெவாடா, இல்லினாய், வர்ஜீனியா ஏற்று எண்ணிக்கை 38 ஆனது. ஆனால் கெடு முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, இடையில் ஐந்து மாகாணங்கள் தங்கள் ஏற்பைத் திரும்பப் பெற்றிருந்தன. 2025 ஜனவரியில் பைடன் இது சட்டமாகிவிட்டதாகத் தன் கருத்தைச் சொன்னார். அதனால் எதுவும் ஆகவில்லை. நான் மேலே சொன்னதுதான், அதிபருக்கு இதில் வேலை கிடையாது.

இந்தியாவோடு ஒப்பிட்டீர்களே, அதற்கு ஒரு நல்ல ஜோடி உதாரணம் இருக்கிறது. 1951 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஜூனிலேயே முதல் திருத்தம் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1895-இல் ஃபெடரல் வருமான வரியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதை மாற்ற 16-ஆவது திருத்தம் வந்தது 1913-இல், 18 வருடம் கழித்து. ஆனால் இந்தியாவில் அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாடு இருக்கிறது. திருத்தத்தையே நீதிமன்றம் ரத்து செய்யலாம், 2015-இல் நீதிபதிகள் நியமன ஆணையம் தொடர்பான திருத்தத்தை ரத்தும் செய்தது. அமெரிக்காவில் ஒரு திருத்தத்தின் உள்ளடக்கம் சரியில்லை என்று நீதிமன்றம் தள்ளியதே இல்லை. நுழைவது கஷ்டம், நுழைந்துவிட்டால் யாரும் கேட்க முடியாது.

திருத்தவே கூடாதென்று ஐந்தாவது பிரிவு காப்பாற்றி வைத்தவை எவை என்று பார்த்தால் 1787-இல் நடந்த பேரம் தெரியும். அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 வரை தடுக்கக் கூடாது என்ற ஷரத்தும், அதோடு ஒட்டிய ஒரு வரி ஷரத்தும் அந்த வருடம் வரை. செனட்டில் சம இடம் என்பது நிரந்தரமாக. எந்த மாகாணத்தின் செனட் சம உரிமையையும் அதன் சம்மதமின்றிக் குறைக்க முடியாது. வயோமிங்கைக் கேட்காமல் கலிபோர்னியாவுக்கு நியாயம் செய்ய வழியில்லை.

திருத்தம் இவ்வளவு கடினம் என்பதால் சண்டையெல்லாம் நீதிமன்றத்துக்குப் போகிறது. 14-ஆவது திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின மக்கள் குடிமக்களே அல்ல என்று 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் வந்த தீர்ப்பை முறியடிக்க, உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868-இல் வந்தது அது. அதே வாசகத்தை வைத்து 1896-இல் ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பெட்டிகள் சரி என்றார்கள். 1954-இல் தனித்தனிப் பள்ளிகள் தவறு என்றார்கள். 1973-இல் கருக்கலைப்பு உரிமை அதில் இருக்கிறது என்றார்கள். 2022-இல் இல்லை என்றார்கள். இத்தனை திருப்பத்திலும் எழுத்து அதே எழுத்துதான்.

அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் கவனித்த குடியுரிமை உத்தரவும் இந்தத் திருத்தத்தில்தான் வந்து முட்டியது. அங்கே பிறந்து, அந்நாட்டு அதிகார வரம்புக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்கிறது 14-ஆவது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் 1895-இல் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது உள்ளே விட மறுத்தார்கள்; 1898-இல் அவர் குடிமகன்தான் என்று 6-க்கு 2 வாக்கில் தீர்ப்பானது. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று 2025 ஜனவரியில் டிரம்ப் உத்தரவு போட்டதும், மூன்றே நாளில் சியாட்டில் ஃபெடரல் நீதிபதி ஒருவர் அதை நிறுத்தி வைத்தார். கவனியுங்கள், அந்த உத்தரவுகூட 14-ஆவதை மாற்றுவதாகச் சொல்லவில்லை. அதிகார வரம்புக்கு உட்பட்ட என்ற சொற்களுக்கு வேறு பொருள் என்றுதான் சொன்னது. வாசகத்தை மாற்ற 38 மாகாணங்கள் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஒன்று மிச்சமிருக்கிறது, இதுவரை யாரும் போகாத பாதை: 34 மாகாணங்கள் கேட்டுக் கூட்டும் மாநாடு. ஃபெடரல் பட்ஜெட்டில் பற்றாக்குறை கூடாது என்ற திருத்தத்துக்காக 1980-களின் தொடக்கத்தில் 32 மாகாணங்கள் வரை கேட்டுவிட்டன. அப்புறம் சில மாகாணங்களுக்குப் பயம் வந்து, கோரிக்கையைத் திரும்பப் பெற்றன. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மாகாணத்துக்கு எத்தனை பேர் போகலாம், ஓட்டு தலைக்கு ஒன்றா மாகாணத்துக்கு ஒன்றா, பட்ஜெட்டுக்கென்று கூடியவர்கள் வேறு பிரிவுகளில் கை வைத்தால் யார் தடுப்பது, எதற்கும் ஐந்தாவது பிரிவில் பதில் கிடையாது. காங்கிரஸும் அதற்கென்று ஒரு சட்டம் இயற்றி வைக்கவில்லை.